மந்திரத்தை மந்திரந்தான் வெல்லுமோ?

சிறுபிள்ளைகள் பார்க்கும் ஒரு சித்திரக் கதையைக் குறித்து இத்துணைப் பெரிய கட்டுரை எதற்கு என்று வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பெரியவர்கள் கேட்கும் பிரசங்கங்களைக் குறித்தும், அவர்கள் படிக்கும் புராணங்களைக் குறித்தும், அவர்கள் எடுக்கும் திருவிழாக்களைக் குறித்தும் சீர்திருத்தப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியவை ஏராளம். அப்பெரியவர்களின் பிள்ளைகள் நாள்தோறும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது யாது என்பதைக் குறித்து எழுதப்பட்டவையோ மிகச் சில. பயிர் வளைந்து முற்றியபின் அதை நிமிர்த்தப் பாடுபடுவோர் நாற்றங்காலை ஒருநாளும் எட்டிப் பாராதிருப்பது என்ன விவசாயம்?

நாம் இங்கு எடுத்துக்கொண்டது 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்' என்னும் தொடர். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2005-ஆம் ஆண்டு ஜூலையில் முடிவெய்திய இத்தொடர் ஐந்து பருவங்களும் 95 பகுதிகளும் கொண்டது. அது வந்த காலத்தில் நாம் சிறுவர். ஆங்கிலப் பள்ளியில் பயின்றவராதலின் ஆங்கிலத்திலேயே அதைக் கண்டு களித்தோம். களித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் சன் குழுமத்தார் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய சுட்டி டிவி அதைத் தமிழில் பேசவைத்தது. அதன்பின் அது தமிழ்ப் பிள்ளைகளின் சொந்தக் கதையே ஆயிற்று. தொடர் முடிந்து இருபது ஆண்டு கழிந்த பின்னும், இக்கேமரன் மலைத் தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்து அதன் துண்டுகளைத் தமிழில் பார்த்திருப்பதைக் காண்கிறோம். அதைப் பார்த்து வளர்ந்து இன்று பெற்றோராகிவிட்டவர்களே, "இது எங்கள் காலத்துக் கதை, இப்போது வருவதெல்லாம் குப்பை" என்று பெருமையோடு எடுத்துக் கொடுக்கின்றனர்.

கதையை அறியாதாருக்குச் சுருங்கச் சொல்வோம். சான் பிரான்சிஸ்கோ நகரில் பழம்பொருட்கடை வைத்திருக்கும் சீனக் கிழவர் ஒருவர். பெயர் சொல்லப்படாமல் 'அங்கிள்' என்றே அழைக்கப்படுபவர். அவருடைய உறவினரும் தொல்பொருள் ஆராய்ச்சியாளருமாகிய ஜாக்கி. ஹாங்காங்கிலிருந்து வந்து அவர்களோடு வாழும் ஜேட் என்னும் துடுக்குச் சிறுமி. ஷெண்டு என்னும் அசுரனுடைய ஆற்றல் பன்னிரண்டாகப் பிரிந்து பன்னிரு கற்களில் அடைபட்டிருக்கிறது. சீனருடைய ஆண்டுகளுக்குரிய பன்னிரு விலங்குகளின் உருவம் அக்கற்களில் ஒவ்வொன்றாய்ப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எருதுக் கல்லை ஏந்தினவனுக்கு யானைபலம் வரும். பாம்புக் கல்லை ஏந்தினவன் கண்ணுக்குத் தோன்றான். முயற்கல் வேகம் தரும். குதிரைக்கல் நோயும் காயமும் தீர்க்கும். நாய்க்கல்லோ சாவையே தடுக்கும். இவற்றைத் தேடி ஒரு கொள்ளைக் கூட்டம் ஒருபுறமும், ஜாக்கி ஒருபுறமும் உலகெங்கும் ஓடுகின்றனர். நமது தோட்டத்துப் பையன் ஒருவன் இப்பன்னிரு கற்களின் பெயரையும் பலனையும் வரிசை பிறழாது ஒப்புவிப்பான். பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும் அவனுக்கு எட்டோடு நின்றுவிடும்.

இக்கற்களை ஆங்கிலத்தில் 'டாலிஸ்மன்' என்பர். அச்சொல்லைத் தமிழாக்கினால் தாயத்து என்று வரும். ஆங்கிலத்தில் கேட்டபோது அஃது எங்கோ தொலைவிலுள்ள ஒரு விநோதப் பொருளாக நமக்குத் தோன்றிற்று. தமிழில் கேட்கும் பிள்ளைக்கோ, தன் அரைஞாணில் கட்டப்பட்டிருப்பதும், தங்கையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குவதும் எதுவோ, அதுவே திரையிலும் தோன்றுகிறது. இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. இத்தொடரில் நன்மையே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. பெண்பிள்ளை என்றால் அழுதுகொண்டு மூலையில் நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஜேட் என்னும் அச்சிறுமி காலால் எற்றித் தள்ளுகிறாள். கொள்ளைக் கூட்டத்தில் அடியாளாய் இருந்த டோரு என்னும் பேருருவ மனிதன் மனந்திருந்திக் கிழவரிடமே மாணாக்கன் ஆகிறான். கெட்டவன் திருந்தலாம் என்பது பிள்ளைகள் கற்கத் தக்க பாடமே. ஜாக்கியும் சண்டைக்கு அலைபவனல்லன். அடிபட்டால் வலிக்கிறது என்று கத்துகிறவன். இவையெல்லாம் நல்லனவே.

நமது வழக்கு ஒரே ஒரு கொள்கையின் மேலது. அக்கிழவர் பகுதிக்குப் பகுதி ஓதும் உபதேசம் ஒன்று உண்டு. மந்திரத்தை வெல்ல மந்திரத்தால் மட்டுமே ஆகும் என்பதே அது. ஜாக்கியின் கைவன்மை பயன்படாது, போலீசாரின் கருவி பயன்படாது, வேறெந்த மனித முயற்சியும் பயன்படாது. பல்லியும் மீனும் மூலிகையும் கூட்டி, பழைய ஏட்டைப் புரட்டி, ஓதவேண்டியதை ஓதினால்தான் தீரும் என்பது அவர் கட்சி. கதையும் ஒவ்வொரு முறையும் அவர் கட்சியையே மெய்ப்பிக்கிறது. முதற்பருவத்தில் ஜாக்கிக்கு ஐயம் உண்டு. இரகசியக் காவல் நிலையத்தின் தலைவராகிய கேப்டன் பிளாக்குக்கும் ஐயம் உண்டு. "மந்திரமாவது, மாயமாவது" என்பதே படித்த அவ்விருவருடைய முதல் எண்ணம். கதை அவர்களை என்ன செய்கிறது? நகைக்கிறது. ஐயுற்றவன் அடிபடுகிறான், நம்பினவன் பிழைக்கிறான். கிழவர் தம் இரு விரலால் ஜாக்கியின் நெற்றியில் அடிக்கும்போதெல்லாம் பார்த்திருக்கும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அந்த அடி யாருக்கு விழுகிறது? காரணம் கேட்கிறவனுக்கு விழுகிறது.

தோழர்களே, இந்த உபதேசம் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்ததா? நமது ஊர் மந்திரவாதியின் தொழில் முதலே இதுதானன்றோ? வைத்தியன் நோய் என்றால் மருந்து கொடுப்பான், குணமில்லையேல் வேறு மருந்து கொடுப்பான், அதுவுமில்லையேல் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவான். மந்திரவாதி முதற் பேச்சிலேயே அந்தக் கதவை அடைத்துவிடுகிறான். "இது மருந்துக்குக் கட்டுப்படாது, வைத்தது சூனியம், எடுப்பதும் சூனியத்தாலேதான்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும். அப்பால் டாக்டர் அவனுக்குப் போட்டியல்லர். அவன் தோற்றாலும், எதிர்த்த மந்திரம் வலிது, இன்னும் செலவாகும் என்று பொருள்படுமேயன்றி, அவன் பொய்யன் என்று பொருள்படாது. உலகில் எந்தத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை உண்டு? கொழுந்து நிறை குறைந்தால் கூலி குறைகிறது. மந்திரம் பலிக்காவிட்டால் மந்திரவாதியின் கூலி கூடுகிறது!

இஃது ஏதோ தர்க்கத்திற்காகச் சொல்லும் பேச்சன்று. நடந்ததைச் சொல்வோம். நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. தொழிலாளருக்கு அவசரமாகப் பணம் வேண்டுமாயின், பெயர், தொகை, காரணம் ஆகிய மூன்றையும் முன்பணப் பேரேட்டில் பதிந்து மேலிடத்திற்கு அனுப்புவது நமது வேலை. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் பெயர் மூன்று மாதத்தில் மூன்று முறை வந்தது. முதலில் 600 வெள்ளி, அடுத்து 900, அடுத்து 1,200. காரணம் என்னும் பத்தியில் மூன்று முறையும் 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்றே எழுதினோம். டாக்டருக்காக இருக்கும் என்று நாமே எண்ணிக்கொண்டோம். கேட்கவில்லை.

பிள்ளைக்கு வயது ஒன்பது. பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போதே வெறித்துப் பார்ப்பாளாம். பின் கைகால் வெட்டி இழுக்க, நுரை தள்ள விழுவாளாம். அந்தி வேளையில் காட்டோர ஓடையைக் கடந்ததால் காற்றுக் கருப்பு அடித்தது என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மலைக்குக் கீழேயுள்ள பட்டணத்திலிருந்து மந்திரவாதி ஒருவன் மும்முறை ஏறி வந்தான். 2,700 வெள்ளியும் அவன் கைக்குப் போயிற்று. மூன்றாம் முறை தாயோடு அலுவலகத்திற்கு வந்திருந்த தமையனிடம், பதினொரு வயதுப் பையன், "தங்கச்சியை டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று நாம் ஒருவாறு கேட்டோம். அவன் நம்மைப் பரிதாபத்தோடு பார்த்துச் சொன்னான்: "டாக்டர் மருந்து இதுக்குக் கேக்காது, கிராணி ஐயா. மந்திரத்தை மந்திரந்தான் ஜெயிக்கும். ஜாக்கி சான்ல தாத்தா சொல்வாரே, நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறோம். அதுதான் நமது வெட்கம். அந்த வாக்கியத்தை இருபது ஆண்டுக்கு முன் நாமும் வாய்விட்டுச் சொல்லி விளையாடியவர்களே. அன்று நாம் மறுமொழி ஒன்றும் கூறாமல், பேரேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுத்தனுப்பினோம். ஏழாம் நாள் அப்பெண் அடுப்படியில் விழுந்தாள். கொதித்த சோற்றுப்பானை அவள் வலக்கையின் மேல் கவிழ்ந்தது. கை வெந்தபின்தான் வைத்தியசாலை கண்ணில் பட்டது. அங்கே டாக்டர் கையைப் பார்த்ததோடு நில்லாமல் விழுந்த காரணத்தையும் விசாரித்தார். காக்காய் வலிப்பு என்று கண்டு மாத்திரை கொடுத்தார். அதன்பின் எட்டு மாதமாக வலிப்பு இல்லை. கைத்தழும்பு மட்டும் இருக்கிறது. அது போகாது.

இந்நோயைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதைக் கேளுங்கள். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இது உண்டு. தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும். இன்னும் பழையதொரு சாட்சியும் உண்டு. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டஸ் பெயரால் வழங்கும் நூலொன்று இந்நோயை எடுத்துக்கொண்டு, இது தெய்வக் குற்றமன்று, மற்ற நோய்களைப் போலவே உடம்பிற் பிறந்த காரணத்தால் வருவது என்றும், தம் அறியாமையை மறைக்கவே மந்திரக்காரர்கள் இதற்குத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினர் என்றும் கூறிவிட்டது. அந்த உண்மை எழுதப்பட்டு இருபத்துநான்கு நூற்றாண்டாகியும் நமது லயத்திற்கு வந்து சேரவில்லை. சித்திரக் கதையின் உபதேசமோ ஒரு நொடியில் கைப்பேசிக்குள் வந்துவிடுகிறது!

இனி, அக்கிழவர் ஓதும் மந்திரத்தையே சிறிது பார்ப்போம். பிள்ளைகள் அதைப் பொருள் தெரியாமலே ஓதுவர். நாமும் ஓதினோம். உள்ளே ஏதோ பெருஞ்சக்தி அடங்கியிருப்பதாகவே எண்ணியிருந்தோம். பின்னொரு நாள் பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் அதைச் சொல்லிக் காட்டிப் பொருள் கேட்டோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப் போங்கள் என்பதுதான் கன்டனீஸ் பேச்சில் அதன் பொருளாம்! இதைத் தமிழில் யாரேனும் சொன்னால் எந்தப் பிள்ளையாவது மெய்சிலிர்க்குமா? பொருள் தெரியாத வரையில் மந்திரம், தெரிந்துவிட்டால் வெறும் பேச்சு. இந்த ஒரு பாடத்தை அறிந்தவனை, தென்மொழியிலும் வடமொழியிலும் வேறெம்மொழியிலும் முணுமுணுத்துக் காசு பறிக்கும் எவனும் ஏமாற்ற முடியாது. இத்தனைக்கும் அப்பாடம் அக்கதைக்குள்ளேயே கிடக்கிறது. எடுத்துக் காட்ட ஆள்தான் இல்லை.

இன்னொன்றும் அதற்குள்ளேயே கிடக்கிறது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் மெய்யான ஜாக்கி சான் என்னும் நடிகர் தோன்றிப் பிள்ளைகளின் கேள்விக்கு விடை கூறுவார். இவர் தாவுவதும் சுழல்வதும் எந்தத் தாயத்தின் பலன்? 1954-இல் பிறந்த இவர், ஏழு வயதளவில் ஹாங்காங்கிலுள்ள சீன நாடகப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டு, ஏறக்குறைய பத்தாண்டு இரவு பகலாக உடம்பை வருத்திக் கற்றதன் பலன். 1980-களில் ஒரு படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து இவருக்கு மண்டையோடு உடைந்தது. அன்று குதிரைக்கல்லைத் தேடி யாரும் ஓடவில்லை. வைத்தியர்கள் அறுவை செய்து உயிரைக் காத்தனர். சித்திரத்து ஜாக்கி சொல்வது ஒன்று, இரத்தமும் எலும்புமான ஜாக்கி வாழ்ந்து காட்டியது மற்றொன்று. இவ்விரண்டில் எது மெய் என்று பிள்ளையிடம் ஒரு முறையேனும் கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

இதற்கெதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்த்துவிடுவோம்.

"கதையை யார் நம்புகிறார்கள்? குழந்தைக்குத் தெரியாதா, அது பொம்மை என்று?" எனச் சிலர் கேட்பர். நன்று. பிள்ளைக்குத் தெரியும் என்பதை நாமும் ஒப்புகிறோம். மாடியிலிருந்து குதித்தால் பறக்கலாம் என்று எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை. ஏனெனில், பறக்க முடியாது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் ஒருமுகமாகச் சொல்கின்றனர். ஆனால், தாயத்து பொய் என்று வீட்டில் யார் சொல்கின்றனர்? திரையில் தாயத்து, அண்டை வீட்டில் தாயத்து, பாட்டியின் வாயில் தாயத்து, தன் இடுப்பிலும் தாயத்து என்றால், கதை எங்கே முடிந்து வாழ்வு எங்கே தொடங்குகிறது என்று பிள்ளை எவ்வாறு அறியும்? அமெரிக்கப் பிள்ளைக்கு அக்கதை விளையாட்டாக நின்றுவிடலாம். நமது பிள்ளைக்கு அது சாட்சியம் ஆகிவிடுகிறது.

"அற்புதக் கதை இல்லாவிட்டால் கற்பனை வளராதே!" என்பது மற்றொரு கூற்று. கற்பனைக்கு நாம் பகைவரல்லோம். 1947-இல் தோன்றிய 'அம்புலிமாமா'வில் வேதாளம் வந்ததே, அது பேயில்லையா? பேய்தான். ஆனால் அந்த வேதாளம் விக்கிரமன் தோளில் அமர்ந்து செய்ததென்ன? கதை சொல்லி, முடிவில் இவருள் யார் செய்தது நியாயம் என்று கேள்வி கேட்டது. அரசன் வாளால் விடை கூற முடியாது, மந்திரத்தாலும் முடியாது. யோசித்தே கூறவேண்டும். படிக்கும் பிள்ளையும் பக்கத்தைத் திருப்புமுன் தானாக ஒரு விடை தேடும். பேயை வைத்தே அறிவைத் தூண்டலாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆகவே, மாயம் வரலாமா கூடாதா என்பதன்று நமது கேள்வி. கேள்வி கேட்பவனைக் கதை மதிக்கிறதா, மண்டையில் அடிக்கிறதா என்பதே நமது கேள்வி.

"இந்த வம்பே வேண்டாம், இவற்றையெல்லாம் தடுத்துவிட வேண்டும்" என்று நமது கட்சியிலேயே சில தோழர்கள் கூறுவர். இவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. கைப்பேசி உள்ள காலத்தில் தடை என்பது ஓட்டைக் கூடையில் நீர் மொள்ளுவதாம். தடுத்த கதை இருமடங்கு இனிக்கவும் செய்யும். அன்றியும், தடுப்பது எளிது, ஆக்குவது அரிது என்பதால்தான் தடைப்பேச்சு நமக்கு இவ்வளவு பிடிக்கிறதோ என்றும் ஐயுறுகிறோம்.

ஆக்கிக் காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவிலேயே 1969-இல் 'ஸ்கூபி டூ' என்னும் சித்திரத் தொடர் வந்தது. நான்கு இளைஞரும் ஒரு நாயும் பேய் உலவும் இடத்திற்குச் செல்வர். அஞ்சுவர், ஓடுவர், ஒளிவர். இறுதியில் பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றினால், உள்ளே ஒரு மனிதன் இருப்பான். பெரும்பாலும் நிலத்துக்கோ புதையலுக்கோ பணத்துக்கோ ஆசைப்பட்டுப் பிறரை விரட்ட வேடம் பூண்டவன். பயமும் உண்டு, சிரிப்பும் உண்டு, பிள்ளைகளின் உவகைக்கு ஒரு குறையுமில்லை. ஆயினும், பேய்க்குப் பின்னால் யாருடைய இலாபம் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் விளையாட்டாகவே பிள்ளையின் நெஞ்சில் ஊறுகிறது. எந்தச் சுயமரியாதை மேடையிலும் இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை! (அத்தொடரின் பெயரிலேயே 1985-இல் வந்த பின்தொடரில் உண்மைப் பேய்களையே உலவவிட்டனர். நல்ல வழக்கத்தைக் காக்க எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.) தமிழிலும் இவ்வழி புதிதன்று. பேய்க்கதை சொல்லி அச்சுறுத்துவாரை நம்பாதே என்னும் கருத்தைச் சிறுவனுக்கே நேராகச் சொல்லும் பாட்டொன்றைப் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரனார் எழுதி, அஃது 1961-இல் 'அரசிளங்குமரி' படத்தில் வந்தது. அறுபதாண்டு கடந்தும் அது பாடப்படுகிறது. அதற்கப்பால் பிள்ளைகளுக்கென்று நாம் எதைச் செய்தோம்?

1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே மூடநம்பிக்கையைச் சாடிப் பேசினார். அதே 1929-இல்தான் இம்மலையில் போ தேயிலைத் தோட்டமும் தோன்றிற்று. இரண்டுக்கும் வயது ஒன்றே. தேயிலைச் செடிக்குக் காலந்தவறாமல் கவாத்து வெட்டினோம், களை பிடுங்கினோம், உரமிட்டோம். ஆகவே, அது மலை முழுதும் பசுமையாய் நிற்கிறது. அப்பேச்சுக்கு என்ன செய்தோம்? ஆண்டுக்கொரு விழா எடுத்து, படத்திற்கு மாலையிட்டு, வந்திருந்த பெரியவர்களுக்கு மற்றப் பெரியவர்கள் பேசினோம். மேடைக்கு முன்னே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தூங்கிப்போயினர். எழுந்ததும் கைப்பேசியில் அவர்களுக்குக் கதை சொல்ல அந்தக் கிழவர் ஆயத்தமாக இருந்தார். குற்றம் அவருடையதா, நம்முடையதா?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை அதை வென்றவர் எவருமில்லை. மராட்டிய நாட்டில் சூனியக்காரரை எதிர்த்துப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் பூனா நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே அம்மாநிலத்தில் சூனியத் தொழிலுக்கு எதிரான சட்டம் வந்தது. ஒருவர் பொருளைப் பந்தயம் வைத்தார், ஒருவர் உயிரையே கொடுத்தார். நம்மைக் கேட்பது அவ்வளவு பெரிய காரியமன்று.

பிள்ளையோடு அரைமணி நேரம் உட்கார்ந்து அக்கதையைப் பாருங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சேர்ந்து சிரியுங்கள். கிழவர் ஏட்டைப் புரட்டி ஆராய்கிறாரே, ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று தேடுகிறாரே, அந்தப் பழக்கத்தைப் புகழுங்கள், பின், "இவர் தேடிய பொருள் மெய்யாய் இருந்தால் உலகில் வைத்தியசாலை எதற்கு?" என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். விடையைப் பிள்ளையே தேடிக்கொள்ளும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுவிழா நாடகத்தில் முகமூடியைக் கழற்றும் கதையொன்றைப் பிள்ளைகளைக் கொண்டே நடத்தட்டும். கணினியில் சித்திரம் இயக்கக் கற்ற தமிழ் இளைஞர்கள் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இன்று இருக்கின்றனர். பகுத்தறிவு மன்றங்கள் மாலைக்கும் மேடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களிடம் கொடுத்து, பத்து நிமிடச் சித்திரம் ஒன்றைத் தமிழில் செய்யச் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பெரியவர்கள் தம் கையிலுள்ள கயிற்றை அவிழ்க்கட்டும். தான் கட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளை நம்பலாகாது என்று போதிப்பது எவ்வூர் நியாயம்?

நாமும் நமது பங்கிற்கு ஒன்று செய்கிறோம். முன்பணப் பேரேட்டில் 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்று எழுதுமுன், "எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்று இப்பொழுது கேட்கிறோம். கிராணிக்கு இது எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கின்றனர். முகஞ்சுளிக்கட்டும். அன்று மூன்று முறை கேளாமல் எழுதினோம். அதன் தழும்பை ஒரு சிறுமி தன் வலக்கையில் சுமந்துகொண்டு நாள்தோறும் நமது அலுவலக வாசலைக் கடந்து பள்ளிக்குப் போகிறாள்.